இரண்டு சிட்டிங்குக்கு நடுவில்

கண்ணாடிக் கடையில் அவளுக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். வேறு வழியில்லை. ஃப்ரேம் தேர்ந்தெடுத்து முடித்ததும் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க வேண்டும். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முழத் தூரத்தில் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, சின்ன ஸ்கேலை அவர்கள் மூக்கின் மேல் பிடித்து, "என் இடது கண்ணைப் பாருங்க, இப்போ வலது கண்ணு" என்பாள். தலைக்கு மேலே நான்கு வெள்ளை விளக்குகள், நாலு சுவரிலும் கண்ணாடி. பத்துப் பேரில் இரண்டு பேருடைய பார்வை அவள் கண்ணிலிருந்து வழுக்கி மோவாய்க்கு இறங்கும். இறங்கியது தங்களுக்கே உறைத்ததும் சட்டென்று மேலே ஏறும். ஏறிய பிறகு அந்தக் கண்களில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்திருக்கும். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

குழந்தைகளுக்கு அந்த மரியாதையும் கிடையாது. ஐந்து வயதுப் பெண் ஒன்று, ஸ்கேல் மூக்கின் மேல் இருக்கும்போதே, "அம்மா, இந்த ஆன்ட்டி இன்னைக்கு ஷேவ் பண்ணலை" என்றது. அப்பா ஷேவ் பண்ணாத நாளில் வீட்டில் கேட்கிற அதே வாக்கியம். தாய்க்காரி குழந்தையின் தோளில் ஒரு அடி வைத்தாள். அவள் ஒன்றுமே கேட்காதவள் போல ஐம்பது என்று அளவைக் குறித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு ரோஸ் கலர் நல்லா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினாள்.

பதினேழு வயதில் ஆரம்பித்தது. முதலில் மோவாயில் இரண்டு, பிறகு தாடையோரமாக ஒரு கோடு, பிறகு கழுத்து. ஹார்மோன் என்றார் டாக்டர். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்லரில் த்ரெட்டிங். நூல் பிடுங்கிப் பிடுங்கி மோவாய் முழுக்கக் குழி விழுந்து கறுத்துப்போனதுதான் மிச்சம். அம்மா உயிரோடு இருந்தவரை அவளுக்குச் சொன்ன ஒரே யோசனை, "யார்கிட்டப் பேசினாலும் கொஞ்சம் குனிஞ்சே பேசு" என்பது. முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் என்று ஒன்று கூடி வந்தபோது அவள் முதலில் ஓடியது ஜவுளிக் கடைக்கு அல்ல, லேசர் கிளினிக்குக்கு.

அங்கே மெஷினைப் பிடிக்கிற டெக்னீஷியன் பெண் கறாரானவள்.

"த்ரெட்டிங் கூடாது, வாக்ஸ் கூடாது, பிளக்கர் பக்கமே போகக் கூடாது" என்றாள். "வேர் உள்ளே இருந்தாத்தான் லைட் அதைப் பிடிச்சுப் பொசுக்கும். வேரைப் பிடுங்கிட்டு வந்தீங்கன்னா நான் வெறும் தோலைத்தான் சுடணும். ஒரு சிட்டிங்குக்கும் அடுத்த சிட்டிங்குக்கும் நடுவில் ரேசர் மட்டும்தான்."

"தினமுமா?"

"தேவைப்பட்டா தினமும். ஷேவ் பண்ணா அடர்த்தியா வளரும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. சிட்டிங் முடிஞ்சு மூணு நாள் ரேசரும் வேண்டாம், தோல் ஆறட்டும். அதுக்கப்புறம் பத்துப் பதினஞ்சு நாள் முடி முளைக்கிற மாதிரியே இருக்கும். முளைக்கறதில்லை, செத்த முடி வெளியே வருது. பயந்துபோய்ப் பிடுங்கிடாதீங்க."

அஞ்சு வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு சிட்டிங் என்று கணக்குச் சொன்னாள். மூன்றாவது முடிந்த பிறகு கல்யாணம்.

அவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மருந்து டப்பாக்களில் ஒட்டுகிற லேபிள்கள் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவர் மேஜைக்கு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அச்சகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். நோயாளித் தாயாரைக் கவனித்துக்கொண்டே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. அந்த அம்மாள் போன பிறகுதான் தனக்கென்று ஒரு துணை வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கண்ணாடியின் மூக்குப் பட்டை உடைந்து கடைக்கு வந்தவர், "உங்க போர்டுல ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு" என்று அவளிடம் சொன்னார். "மூணு வருஷமா முதலாளிகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள். அப்படித்தான் ஆரம்பித்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு அவருடைய அக்கா வந்திருந்தார்.

கல்யாணமான மாதம், ஒரு மத்தியானம், இரண்டு பேரும் ஓட்டலில் சாப்பிட்டார்கள். பில் வந்ததும் அவர் கழுத்தில் தொங்கிய வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பில்லில் இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். நிமிர்ந்தவர் கல்லாவில் இருந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, "மெதுவாத் திரும்பிப் பாரு. அந்தம்மா மீசைய கொஞ்சம் ட்ரிம் பண்ணி வச்சுக்கிட்டா எனக்கே பொறாமையா இருக்கும்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு உதட்டின் மேல் பூனை முடி மாதிரி ஏதோ இருந்தது, அவ்வளவுதான். அவள் சிரித்தாள். அவரைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவளுடைய காலைகள் மாறிப்போயின. அவர் விழிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் எழுந்து குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ரேசரை எடுப்பாள். அதை நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். எந்த ஆணும் கை விடாத இடம். சோப்பு நுரை, கீழ்நோக்கி நாலு இழுப்பு, மேல்நோக்கி இரண்டு, பிறகு குளிர்ந்த நீர், க்ரீம், வெயிலுக்கான லோஷன், அதன்மேல் பவுடர். சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் விரலுக்கு முள் தட்டுப்படும். கடையில் மதியம் ஒருமுறை கழிவறையில் நின்று இழுத்துக்கொள்வாள். அவர் கை ஆசையாக மோவாய்ப் பக்கம் வந்தால் அதைப் பிடித்துக் காதோரம் கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். அவர் ஒருபோதும் கையை இழுத்து மறுபடியும் கொண்டுவரவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொள்வாள்.

சமாளிக்க முடியாதவை சிட்டிங்குக்கு அடுத்த நாட்கள்தான். நான்காவது சிட்டிங் முடிந்த மூன்றாம் நாள், மோவாய் முழுக்க எள்ளைத் தூவி அழுத்திவிட்டதுபோல இருந்தது. ரேசர் போடக் கூடாது. பவுடர் ஒட்டவில்லை. அன்றைக்குப் பார்த்து அவர் கடைக்கு வந்து நின்றார்.

"கொஞ்ச நாளா எழுத்தெல்லாம் கலங்குதும்மா. பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறேன், கைதான் நீளம் பத்தலை" என்று சிரித்தார்.

வாரத்தில் இரண்டு நாள் கண் பரிசோதிக்கிறவர் வருவார். அன்று வந்திருந்தார். அவள் கணவரை உள்ளறையில் உட்கார்த்தி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுப் பார்த்து, ரெண்டரை பவர் என்று சீட்டு எழுதினார். அந்தச் சோதனை லென்ஸோடு அவர் கடைசி வரியைப் பிசகில்லாமல் படித்தார். படித்துவிட்டு, அதைக் கழற்றாமலே அறைக் கதவில் நின்ற அவளை நோக்கித் திரும்பி, "பக்கத்துல வா, என் பொண்டாட்டியை முதல் தடவையா ஒழுங்காப் பாத்துக்கறேன்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கவுன்டர்ல ஆள் நிக்கறாங்க" என்று சொல்லி விலகிப் போனாள்.

லென்ஸ்கள் பவர் வாரியாகக் காகித உறையில் போட்டு இழுப்பறையில் அடுக்கப்பட்டிருக்கும். பின்னறையில் வெட்டுகிறவர் எந்த உறையைக் கொடுத்தாலும் ஃப்ரேம் அளவுக்கு வெட்டிப் பொருத்துவார். கேள்வி கேட்க மாட்டார். அவள் ரெண்டரை உறையை எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவர் பழைய கண்ணாடியில் இருந்த அதே ஒன்றரையை எடுத்தாள். பதற்றமோ தடுமாற்றமோ ஒன்றும் இல்லை. நிதானமாகத்தான் செய்தாள். இன்னும் இரண்டு சிட்டிங், பத்து வாரம். மோவாய் சுத்தமானதும் சத்தமில்லாமல் லென்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டால் போயிற்று. பத்து வாரத்தில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது.

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் செய்தித்தாளை விரித்துப் பார்த்தார்.

"டெஸ்ட் பண்ணும்போது பளிச்சுனு இருந்துதே. இது பழசு மாதிரியே இருக்கு."

"அது அஞ்சு நிமிஷம் போடற கண்ணாடிங்க. நாள் முழுக்கப் போடறதுக்கு அவ்வளவு வச்சா தலை சுத்தும். கண்ணு பழகட்டும்."

"நீ சொன்னா சரிதான்" என்றார். அந்தச் சீட்டை மடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள், துடைக்கிற துணிக்கு அடியில் வைத்தார்.

கண் பழகவில்லை. தலைவலிதான் வந்தது. வேலை முடிந்து வந்தால் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றிப் பொட்டைப் பிடித்துவிடுவாள். அவர் கண்ணை மூடியிருக்கிற அந்த நேரம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மோவாயைப் பற்றி யோசிக்காமல் அவர் முகத்துக்கு நேரே குனிந்து பேச முடிந்தது. கல்யாணமான நாளாக அவள் அவ்வளவு கிட்டத்தில் இருந்து அவரிடம் பேசியதில்லை. அந்த வாரங்களில்தான் இருவரும் மிகவும் அன்யோன்யமாக இருந்தார்கள் என்று பிற்பாடு அவளுக்கே தோன்றியது.

இரண்டாவது மாதம் அச்சகத்தில் அது நடந்தது. குழந்தைகளுக்கான இருமல் மருந்து லேபிள். இரண்டரை மில்லி என்று இருக்க வேண்டியது, நடுவில் புள்ளி விழாமல் இருபத்தைந்து என்று அச்சாகிவிட்டது. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் அது. டப்பாக்களில் ஒட்டுகிற இடத்தில் யாரோ கவனித்துச் சொன்னதால் ஒரு பாட்டில்கூட வெளியே போகவில்லை. அத்தனை லேபிளும் அரவைக்குப் போயிற்று. அவரை மேஜையிலிருந்து எழுப்பி, அச்சான லேபிள்களைக் கட்டுக் கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலி. பூதக்கண்ணாடி என்று கூப்பிட்டவர்கள் மறுநாளே குருட்டுப் பூதம் என்று மாற்றிக்கொண்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு நேராகவே. "குருட்டுப் பூதம், இந்தக் கட்டை அந்தப் பக்கம் வை. அந்தப் பக்கம்னா தெரியுதா?"

வீட்டுக்கு வந்து இதை அவர் சொன்னது ஏதோ அடுத்த வீட்டுக்காரர் கதையைச் சொல்வது போலத்தான் இருந்தது. கடைசியில் மட்டும், "ஒரு குழந்தை குடிச்சிருந்தா?" என்றார்.

"அதான் குடிக்கலையே" என்றாள் அவள்.

டீ போட்டுக் கொடுத்தாள். ஐந்தாவது சிட்டிங் முடிந்து நாலாம் நாள் அது. டம்ளரை நீட்டும்போது பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியிருக்கவே தேவையில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைக் கிட்டேயும் தூரவும் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அப்பாவுக்கு அறுபது வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அது அவளுக்குத் தெரியும். கடையில் அரை நாள் விடுமுறை கிடைத்த ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து சாவி போட்டுத் திறந்தாள். அவர் சமையலறையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அன்று அவருக்கும் விடுமுறை. ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. "அடுப்பு... நாலு அடி. தண்ணிக் குடம்... இடது கைப் பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். அலமாரியின் மூலையில் முழங்கை இடித்தது. கண்ணைத் திறக்கவில்லை. மறுபடியும் வாசற்படியிலிருந்து ஆரம்பித்தார்.

அவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். வேண்டாம், சொல்லக்கூட வேண்டாம். நாளைக்கு உறையை மாற்றி எடுத்தால் போதும்.

அவள் செருப்புச் சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். வெட்கமாகச் சிரித்தார். "இப்பவே பழகி வச்சுக்கிட்டா நல்லதுதானே. அப்பா பழகாம ரொம்பக் கஷ்டப்பட்டார்."

"அப்படியெல்லாம் ஒன்னும் ஆகாது."

"ஆயிட்டா? என்னை விட்டுட்டுப் போயிடுவியா?"

"நான் எங்கே போவேன். நான் இருக்கேன்ல."

அவர் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இத்தனை வயது மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அவளுக்கு அந்த நேரம் வந்திருக்க வேண்டியது அழுகை. வந்தது சந்தோஷம். தன்னை ஒருவர் இப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆறாவது சிட்டிங்கில் டெக்னீஷியன் பெண் அவள் மோவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கன்னம் நல்லா கிளியர் ஆயிடுச்சு. மோவாயும் கழுத்தும் ஹார்மோன் முடி, பிடிவாதம் பிடிக்குது. இன்னும் மூணு நாலு சிட்டிங் போகணும்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வாரங்களை எண்ணினாள். இருபது வாரம். அவர் இத்தனை நாள் பொறுத்தார், இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். நாற்காலிதான் ஏற்கெனவே போய்விட்டதே, இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்றும் நினைத்தாள். நினைத்ததில் அவளுக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

அவருடைய அக்காதான் விடவில்லை. "அப்பாவுக்கு ஆன மாதிரி ஆகணுமா? கிளம்புடா" என்று வந்து நின்று, பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அவளிடம் சொல்லவில்லை, வேலை நாள், எதற்குத் தொந்தரவு என்று விட்டுவிட்டார்கள். புதுக் கண்ணாடி மாட்டி ஐந்தாவது மாதம் முடிகிற சமயம்.

இரண்டு நாள் கழித்து, அவளுடைய வார விடுமுறை அன்று, பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்குள் வந்தார். முகத்தில் வேறு கண்ணாடி. கனமான கறுப்பு ஃப்ரேம், ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கியது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உட்காரு" என்றார்.

கட்டில் மேல் இரண்டு காகிதங்களை வைத்தார்.

"இது உன் கடைச் சீட்டு. ரெண்டரைன்னு எழுதியிருக்கு. இது, ஆஸ்பத்திரில நீ கொடுத்த கண்ணாடியை மெஷின்ல வச்சுப் பாத்து எழுதினது. ஒன்னரை. கண்ணுல ஒரு வியாதியும் இல்லை, கண்ணாடிதான் தப்புன்னாங்க. அந்தச் சீட்டு அஞ்சு மாசமா என் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் இருந்துது. பொடி எழுத்து. எனக்குப் படிக்க முடியலை."

"கடையில ஏதோ மாறி..."

"தவறுதலா நடந்தது எது, தெரிஞ்சு பண்ணது எதுன்னு பாக்கறதுதான் இருபத்திரண்டு வருஷமா என் வேலை. ஏன் பண்ணே?"

அவள் கை தானாக மோவாயைப் பொத்தியது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துவிட்டு, அதற்கு அடியில் இருந்ததைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. நிறைய நேரம் பார்த்தார்.

"இதுக்கா?"

"அன்னைக்கு ஓட்டல்ல... கல்லாவில இருந்த அம்மாவைச் சொன்னீங்களே. மீசைன்னு."

"எந்த ஓட்டல்?" அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "நானா? என்ன சொன்னேன்?"

அவள் சொன்னாள். சொல்லும்போது அது ரொம்பச் சின்னதாக இருந்தது. ஒரு லென்ஸை மாற்றி எடுப்பதற்குக்கூடப் போதாத அளவுக்குச் சின்னதாக.

"தூக்கத்துல உன் மோவாய் என் தோள்ல குத்தும்" என்றார் அவர். "கல்யாணம் ஆன முதல் வாரமே. குழாயைத் திறந்து விட்டாலும் ரேசரைத் தட்டற சத்தம் கேக்கும். கையைக் கொண்டுவந்தா நீ காதுப் பக்கம் நகத்துவே. சரி, அவளாச் சொல்லட்டும், நாமளா கேட்டாச் சங்கடப்படுவான்னு விட்டேன். எனக்கு அதுல ஒன்னும் இல்லாம இருந்துது."

அவளுக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து போகவில்லை, தேற்றவும் இல்லை. கண்ணாடியைச் சரியாக ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அழு. நல்லாத் தெளிவாத் தெரியுது" என்றார்.

அவளைத் தள்ளி வைத்துவிடச் சொன்னார் அக்கா. கடை முதலாளியிடம் போய்ச் சீட்டைக் காட்டு என்றும் சொன்னார். அவர் இரண்டையும் செய்யவில்லை. அச்சகத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டோடு போய்க் கேட்டுப் பார்த்தார். அவர் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்கார்த்தியிருந்தார்கள், நன்றாகச் செய்கிறாள், பார்க்கலாம் என்றார்கள். அவர் கட்டுக் கட்டுகிற இடத்துக்கே திரும்பிப் போனார்.

மறுநாள் காலையில் அவள் ரேசரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தபோது, ஜன்னல் பக்கம் ஸ்டூல் போட்டிருந்தது.

"வா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அவள் மோவாயைப் பிடித்து இடதுபக்கம் திருப்பினார், வலதுபக்கம் திருப்பினார், அண்ணாந்து பார்க்க வைத்தார். "தாடைக்குக் கீழே மூணு விட்டிருக்கே. கழுத்து மடிப்புல ஒன்னு" என்றார். குரலில் கோபமே இல்லை. லேபிள் பார்க்கிற குரல். அவள் எழுந்து போய் மறுபடியும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

தினமும் அது நடந்தது. அடுத்த சிட்டிங் முடிந்து, ரேசர் போடக் கூடாத மூன்று நாளிலும் கூப்பிட்டார்.

"இந்த மூணு நாள் எடுக்கக் கூடாதுங்க."

"தெரியும். பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

செத்த முடியெல்லாம் உதிர்ந்து முடிந்த வாரம் அவர் ஒரு பிளக்கர் வாங்கி வந்தார். மோவாயைப் பிடித்துக்கொண்டு ஒரு முடியைப் பற்றி இழுத்தார். வெள்ளையாக வேர் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மடியில் விரித்திருந்த காகிதத்தில் வைத்தார்.

"பிடுங்கக் கூடாதுங்க. வேர் போயிட்டா லேசர் பிடிக்காது. சிட்டிங் வீணாயிடும்."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததைப் பற்றினார்.

அன்று பதினொன்று. அவள் கண்ணில் நீர் வந்தது வலியால்தான் என்று சொல்ல முடியாது. எழுந்து போயிருக்கலாம். கையைத் தட்டிவிட்டிருந்தால் அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார், அடிக்கிற மனிதர் அல்ல. ஆனால் நாளெல்லாம் அவர் அவளைத் தொடுவது அந்த ஐந்து நிமிஷம்தான். படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டைக்கூட அவள் கையிலிருந்து வாங்காமல் மேஜையிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஆகவே அவள் மோவாயைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிளினிக்கில் டெக்னீஷியன் பெண் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பிடுங்கியிருக்கீங்க. எத்தனை தடவை சொன்னேன்? இந்த இடத்துல இன்னைக்கு ஒன்னுமே பிடிக்காது."

"நான் இல்லை. வீட்டுக்காரர்."

"அவரா? உட்கார்ந்து எடுத்துவிடறாரா?" டெக்னீஷியன் பெண்ணுக்கு ஆச்சரியம். "இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷனா? ஆனா பாசமா நினைச்சுக்கிட்டுக் கெடுதல் பண்றார். எடுத்துச் சொல்லுங்க. இப்படியே போனா இன்னும் ரெண்டு சிட்டிங் கூடும்."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு சிட்டிங்னா பத்து வாரம்" என்றார். "என் அஞ்சு மாசத்துக்கு இன்னும் இருக்கே."

அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததும் ஒரு வகையில் மனசு அடங்கியது. கணக்கு என்று ஒன்று இருந்தால் அது தீரவும் வேண்டுமே. தீர்ந்த பிறகு அவர் பழையபடி ஆகிவிடுவார் என்று அவள் நம்பினாள். சிட்டிங் தேதி வரும்போதெல்லாம் போய்ப் படுத்து, வெறும் தோலில் சூடு வாங்கிக்கொண்டு, டெக்னீஷியனிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். கடையில் மோவாய் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்து முதலாளி அவளை அளவெடுக்கிற ஸ்டூலிலிருந்து எழுப்பி, பின்னறையில் உறைகளுக்கு எண் ஒட்டுகிற வேலையைக் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்குத்தான், தப்பா எடுத்துக்காதே" என்றார் மிகவும் மரியாதையாக. அதை அவள் வீட்டில் சொன்னபோது அவர், "கட்டு எதுவும் தூக்கச் சொல்லலையே, பரவாயில்லை" என்றார்.

ஐந்து மாதம் முடிந்தது. அன்று காலையில் அவர் பிளக்கரைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"வச்சுக்கோ" என்றார்.

அவள் அன்று முழுக்கக் காத்திருந்தாள். சாயங்காலம் அவருக்குப் பிடித்ததைச் சமைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மறுநாள் ரேசரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். ஜன்னல் பக்கம் ஸ்டூல் இல்லை. சமையலறையில் இருந்த இடத்துக்கே போயிருந்தது. அவர் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் போய் ஸ்டூலை எடுத்து வந்து வெளிச்சத்தில் போட்டாள். உட்கார்ந்தாள். மோவாயைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பும்போது அவர் அவளைப் பார்த்தார்.

"என்ன?"

"இல்ல... இன்னைக்குப் பாக்கலையா?"

"பாக்கறதுக்கு இனிமே என்ன இருக்கு" என்றார் அவர். சொல்லிவிட்டு நாளிதழை மடித்து அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கடைக்கு நேரமாகும் வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.